ஊர் மாறினும் கல்வி நிற்கலாகாது



அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கசுக்கு இரண்டு இரயில் வண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைல் நீளம். கலைஞர்களும் தொழிலாளர்களும் மனைவி மக்களோடு அப்பெட்டிகளிலேயே குடியிருந்தனர். ஊர் மாறியது, படிப்பு நிற்கவில்லை. ஆசிரியர் உடன் பயணம் செய்து பாடம் நடத்தினார். 2017 மே 21ஆம் நாள் காட்சியோடு அவ்வாழ்வு முடிவுற்றது. 2023இல் சர்க்கஸ் மீண்டது. இரயில் வண்டி மீளவில்லை. அப்பிள்ளைகளிடம் கல்வி எஞ்சியது.

நம்மவர் சிலரும் செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு செல்கின்றனர். ஆண்டுதோறும் என் வருகைப் பதிவேட்டில் அப்பிள்ளைகளின் பெயர்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்புவரை மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுத்தல் கூடாது. சென்ற ஊரில் மறுநாளே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.