பிடி தளரும் நொடி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



குதிரையின் குணம் அறிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. கொம்பும் இருந்திருந்தால் ஊரையே முட்டித் தள்ளியிருக்கும் என்பது அதன் பொருள். பழமொழி சுவையானதுதான். ஆனால் குதிரையோடு பழகியவர்களைக் கேட்டால், இது குதிரைக்கு இழைத்த அநியாயம் என்பார்கள். குதிரை முட்டுவதற்குப் பிறந்த விலங்கு அல்ல, ஓடுவதற்குப் பிறந்த விலங்கு. புல்வெளிகளில் மந்தையாக மேய்ந்த காலத்தில், ஓநாயின் வாடை வந்ததும் ஓடிய குதிரை பிழைத்தது. நின்று யோசித்த குதிரை பிழைக்கவில்லை. பிழைத்தவற்றின் பிள்ளைகளைத்தான் நாம் லாயத்தில் கட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பயம் இன்றும் அவற்றின் உடம்பில் இருக்கிறது.

அதன் கண்களைப் பாருங்கள். நம் கண்களைப் போல முன்னோக்கி இல்லாமல், தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அது தன்னைச் சுற்றிப் பார்க்கிறது. பார்க்க முடியாத இடங்கள் இரண்டுதான்: நேர் பின்புறமும், மூக்குக்கு நேர் முன்னால் சிறிது தூரமும். அதனால்தான் குதிரைக்குப் பின்னால் போய் நிற்காதே என்கிறார்கள். இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். வேட்டையாடும் விலங்கு எங்கே பாயும்? முதுகின் மேல்தான். மனிதரோ அந்த முதுகின் மேல்தான் ஏறி உட்கார வேண்டும் என்கிறார். குதிரையின் பக்கத்திலிருந்து பார்த்தால், உலகத்திலேயே மிகப் பெரிய நம்பிக்கையை நாம் அதனிடம் கேட்கிறோம்.

அந்த நம்பிக்கையைக் கேட்டுப் பெறலாம், பிடுங்கியும் பெறலாம். பிடுங்குவதற்கு ஒரு பழைய முறை உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் குதிரையை ‘உடைப்பது’ என்றே பெயர். இளங்குதிரையைக் கம்பத்தில் இறுகக் கட்டுவார்கள், காலைத் தூக்கிக் கட்டுவார்கள், சாக்குத் துணியால் மேலெல்லாம் அடித்துப் பயமுறுத்துவார்கள். அது துள்ளும், இழுக்கும், விழும். வழியே இல்லை என்று தெரிந்ததும் ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். “பணிந்துவிட்டது” என்று சேணத்தைப் போட்டுவிடுவார்கள். பார்ப்பவருக்கு அது அமைதியான குதிரை. உண்மையில் அது கைவிட்ட குதிரை. கண் ஒளியிழந்து, காது அசையாமல் நிற்கும். எதையும் கேட்காது, எதையும் முயன்று பார்க்காது.

நம்முடைய வீடுகளிலும் அமைதியான பிள்ளைகள் இருக்கிறார்கள். “எங்கள் பையன் வாயே திறக்க மாட்டான் சாமி, அவ்வளவு அடக்கம்” என்று சொல்லும் பெற்றோரின் முகத்தில் பெருமை தெரிகிறது. சில வீடுகளில் அது உண்மையான அடக்கம். சில வீடுகளில் அது கட்டிப்போட்ட குதிரையின் அமைதி. மதிப்பெண் அட்டை வரும் நாளில் அந்தப் பிள்ளையின் கை நடுங்குவதைப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். பங்குகளிலும், துறவற இல்லங்களிலும்கூட இந்த இரண்டு அமைதிகளும் உண்டு. மேய்ப்பர்கள் என்று பெயர் வாங்கிய நாங்களும் இரண்டாவதை முதலாவது என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது.

இந்த வேறுபாட்டை மனிதர் நேற்று இன்று கண்டுபிடிக்கவில்லை. சாக்ரடீஸின் மாணவரும் படைவீரருமான செனபோன், கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே குதிரையேற்றத்தைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். அவர் கண்டிப்பாகச் சொல்லும் அறிவுரை, கோபத்தோடு குதிரையின் அருகில் போகக் கூடாது என்பதுதான். குதிரை எதையாவது கண்டு மிரண்டால் என்ன செய்வது? அடித்து அதன் அருகே ஓட்டுவதுதான் பலர் செய்வது. செனபோன் அதைத் தவறு என்கிறார். அடி விழும்போது வலிக்கிறது. வலிக்குக் காரணம் கண்முன் இருக்கும் அந்தப் பொருள்தான் என்று குதிரை எண்ணிக்கொள்கிறது. பயம் இரண்டு மடங்காகிறது. மாறாக, ஏறியவர் இறங்கி, தானே போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டி, மெல்ல அதை அருகில் அழைத்து வர வேண்டும் என்கிறார். கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்து அடிக்கிறவர்கள், இந்தக் கிரேக்கப் படைவீரரிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்டால் நல்லது.

பயிற்சியாளர் இளங்குதிரைக்கு முதலில் கற்றுத்தருவது ஏறும் வித்தையை அல்ல. தலைக்கயிற்றைப் பிடித்தபடி பின்னால் ஓர் அடி எடுத்து வைக்கச் சொல்வார். கயிற்றில் மிக இலேசாக ஓர் அழுத்தம். குதிரைக்கு ஒன்றும் புரியாது. தலையை ஆட்டும், எதிர்த்து முன்னால் தள்ளும். அவர் அழுத்தத்தைக் கூட்டுவதும் இல்லை, விடுவதும் இல்லை. கோபமில்லாமல் அப்படியே காத்திருப்பார். குதிரை தற்செயலாகத் தன் எடையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்க்கும். கால்கூட நகர்ந்திருக்காது, எண்ணம்தான் நகர்ந்திருக்கும். அந்த நொடியிலேயே அவர் பிடியைத் தளர்த்திவிடுவார். குதிரை ஒரு பெருமூச்சு விடும். சில குதிரைகள் உதட்டை நக்கி, வாயை அசைபோடும். மறுமுறை கயிறு தொட்டதுமே பின்னால் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, குதிரை கற்றுக்கொள்வது அழுத்தும்போது அல்ல, தளர்த்தும்போது என்பதுதான். மூன்று நொடி தாமதமாகத் தளர்த்தினால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. தளர்த்தவே தளர்த்தாதவரின் கையில் அது எதையும் கற்றுக்கொள்ளாது. கயிற்றுக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான். பிறகு அந்த மனிதர் இன்னும் கடுமையான கடிவாளத்தைத் தேடிக் கடைக்குப் போவார்.

கடிவாளம் எங்கே அமர்கிறது தெரியுமா? முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே குதிரைக்குப் பல்லில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. மெல்லிய தோல் மூடிய எலும்பு அது. அங்கேதான் இரும்பு படுகிறது. புனித யாக்கோபு தம் திருமுகத்தில் நாவைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது கடிவாளத்தைத்தான் உவமையாக எடுக்கிறார். அதற்குச் சற்று முன்னால், போதகராக விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. கடிவாளத்தின் கயிறு ஒருவர் கையில் இருக்கிறது என்றால், மற்றவரின் மிக மெல்லிய இடம் அவர் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குதிரையை ஏமாற்ற முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை புகழ்பெற்றிருந்தது. அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கூட்டல் கணக்குச் சொன்னால், ஹான்ஸ் குளம்பால் தரையைத் தட்டிச் சரியான விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபோதும் தெரியவில்லை. அது கணக்குப் போடவில்லை, மனிதரைப் படித்தது. சரியான எண் வந்ததும், கேட்பவரின் தலை அவருக்கே தெரியாமல் இம்மியளவு நிமிரும். அதைக் கண்டு தட்டுவதை நிறுத்தியது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று உலகம் சிரித்தது. நம்மை இந்த அளவுக்கு உற்றுப் பார்க்கும் உயிரின் முதுகில் உள்ளே நடுக்கத்தோடு ஏறி, வெளியே வீரம் காட்டினால் அது நம்புமா? ஏறுபவர் மூச்சைப் பிடித்தால் குதிரையும் இறுகுகிறது. ஆகவே நல்ல பயிற்சியாளர்கள் குதிரைக்குப் பாடம் சொல்லும் நேரத்தில் பாதியை, ஏறுகிறவருக்கு மூச்சுவிடக் கற்றுத்தரச் செலவழிக்கிறார்கள்.

ஆஸ்திரியாவின் வியன்னாவில் 400 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கும் குதிரையேற்றப் பள்ளி ஒன்று உண்டு. லிப்பிசானர் என்ற வெள்ளைக் குதிரைகள் அங்கே இருக்கின்றன. பிறக்கும்போது அவை கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், வெளுக்கப் பல ஆண்டுகள் ஆகும். புதிதாகச் சேரும் இளைஞரை வயது முதிர்ந்த, அனுபவமுள்ள குதிரையின் மேல் உட்கார வைப்பார்கள். கையில் கடிவாளம் கிடையாது, கால் வைக்க அங்கவடி கிடையாது. ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பிடித்திருக்க, குதிரை வட்டமாகச் சுற்றும். மாதக்கணக்கில் இதுதான் பாடம். இளங்குதிரைக்கோ அனுபவமுள்ள வீரரைத்தான் கொடுப்பார்கள். பயந்த குதிரையையும் பயந்த மனிதரையும் அவர்கள் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

இனி, டென்மார்க் நாட்டுப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் லிஸ் ஹார்ட்டெல். தம் நாட்டின் சிறந்த குதிரை வீராங்கனை. 1944இல், 23 வயதில், வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது அவரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. மகள் நலமாகப் பிறந்தாள். தாயின் கால்கள் முழங்காலுக்குக் கீழே திரும்பவே இல்லை.

குதிரையேற்றம் தெரிந்தவர்களுக்கு இது என்ன இழப்பு என்று புரியும். ஏறியிருப்பவர் குதிரையிடம் பேசும் மொழியில் பெரும்பகுதி காலில்தான் இருக்கிறது. முன்னே போ, திரும்பு, நில் என்பதையெல்லாம் கணுக்காலும் கெண்டைக்காலும்தான் சொல்லும். அந்த மொழி ஊமையாகிவிட்டது. அவர் மறுபடியும் ஏறினார். பிறர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அவருடைய குதிரையின் பெயர் ஜூபிலி, நம் திருச்சபைக்கு நன்றாகப் பழக்கமான சொல்தான். பெரிய பேர்பெற்ற குதிரை அல்ல அது. இருவரும் சேர்ந்து வேறொரு மொழியைக் கண்டுபிடித்தார்கள். இடுப்பை இம்மியளவு சாய்ப்பது, முதுகின் தசையை இறுக்குவது, எடையை மாற்றுவது. ஹான்ஸை நினைவிருக்கிறதா? மனிதரின் உடம்பை அவ்வளவு நுட்பமாகப் படிக்கும் அதே திறமைதான். அங்கே அதை ஏமாற்று என்றார்கள். இங்கே அது ஒரு பெண்ணுக்குக் கால்களாக ஆனது.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் இந்தப் போட்டியில் பெண்களும் ஆண்களோடு கலந்துகொள்ள முதல்முறையாக அனுமதித்தார்கள். லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். மேடையில் ஏற அவரால் முடியவில்லை. தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சீர் வந்து உதவினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோமில் மறுபடியும் வெள்ளி. ஊனமுற்ற குழந்தைகளைக் குதிரையில் ஏற்றி, உடலுக்கும் மனத்துக்கும் பயிற்சி தரும் பணி ஐரோப்பாவில் பரவுவதற்கு அவருடைய வாழ்க்கை பெரிய தூண்டுதலாக இருந்தது. அடித்துப் பணியவைத்த குதிரை இதைச் செய்திருக்குமா? கால் விசை இல்லாதவரைக் கீழே தள்ள அதற்கு ஒரு துள்ளல் போதும். அதை எந்தக் கயிறும் தடுத்திருக்க முடியாது.

அன்பார்ந்தவர்களே, குருத்து ஞாயிறு வருகிறது. அந்த நற்செய்தியை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம், குருத்தோலையைப் பிடித்தபடி பாடிக்கொண்டு போகிறோம். இந்த முறை அந்தக் கழுதைக்குட்டியின் பக்கம் சற்று நின்று கேட்டுப் பாருங்கள். அதுவரை யாரும் அதன்மேல் அமர்ந்ததில்லை என்று மாற்குவும் லூக்காவும் சொல்கிறார்கள். குதிரைப் பயிற்சியாளர் எவரிடமாவது இதைச் சொன்னால் திடுக்கிடுவார். முதல்முறையாக முதுகில் ஒருவர். அதுவும் அமைதியான தொழுவத்தில் அல்ல, கூட்டத்துக்கு நடுவில். சுற்றிலும் கூச்சல். கண்முன்னே மரக்கிளைகள் அசைகின்றன, நடக்கும் வழியிலெல்லாம் துணிகளை விரிக்கிறார்கள். கழுதை பயந்தால் குதிரையைப் போல ஓடுவது குறைவு, நின்ற இடத்தில் நின்றுவிடும். அதைத்தான் நாம் பிடிவாதம் என்று சொல்கிறோம். இந்தக் குட்டி நிற்கவில்லை, நடந்தது.

மத்தேயு மட்டும் இன்னொரு செய்தியைச் சேர்க்கிறார்: குட்டியோடு தாய்க்கழுதையையும் அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். விரிவுரையாளர்கள் இதற்கு இறைவாக்கினர் செக்கரியாவைக் காட்டி விளக்கம் தருவார்கள், குருமடத்தில் நாங்களும் அப்படித்தான் படித்தோம். விளக்கம் சரிதான். ஆனால் குட்டியை வளர்த்தவர்கள் அந்த வரியைக் கேட்டதும் வேறு விதமாகத் தலையசைப்பார்கள். முதல் நாள் தாய் அருகில் இருக்க வேண்டும், அது அவர்களுக்குத் தெரியும். வெறும் முதுகின்மேல் சீடர்கள் தங்கள் மேலாடைகளைப் போட்டார்கள். ஆண்டவர் அமர்ந்தார். வேலை முடிந்ததும் குட்டியை உடனே திருப்பி அனுப்பிவிடுவதாக அதன் வீட்டாருக்கு முன்பே சொல்லி அனுப்பியும் இருந்தார்.