வெட்கமாய் இருக்கவில்லையோ அக்கா?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், நிலாவெளியில் கூடி இசைக்கும் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த உரைக்கு எங்களை அழைத்த சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "தெருவிலை இருந்து வாசிக்க உங்களுக்கு வெட்கமாய் இருக்கவில்லையோ அக்கா?" நல்ல கேள்வி. நாங்கள் சொல்லப் போவதெல்லாம் அதற்கான பதில்தான்.

நாங்கள் ஆறு பேர். மூவர் பாடுவோம், இருவர் வயலின், ஒருவர் மிருதங்கம். பாடுகிற ஒருவரின் மடியில் ஆர்மோனியம். எல்லோரும் ஐம்பதைக் கடந்தவர்கள். இசையால் ஒரு சதமும் உழைத்ததில்லை. கணித ஆசிரியை, தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர், தையற்காரி, வங்கி ஊழியர், வீட்டைப் பார்க்கும் இருவர். மே முதல் செப்டெம்பர் வரை, சனிக்கிழமை மாலைகளில், நிலாவெளிக் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் முனையில் ஒரு மணித்தியாலம் வாசிக்கிறோம். மேடை இல்லை, அழைப்பிதழ் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். அதை விட, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிடும்.

வெட்கத்துக்கு வருவோம். தெருவில் பாடுகிறவர் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது கையேந்துகிறவர். ரயிலில் பெட்டி பெட்டியாகப் பாடிக்கொண்டு வருபவரை நாம் காசு கொடுத்துக் கடந்திருக்கிறோம்; நின்று கேட்டவர் குறைவு. ஆனால் திருவையாற்றில் தியாகராச சுவாமிகள் உஞ்சவிருத்தி எடுத்தது வீதியில்தான். செம்பும் தம்புராவுமாகப் பாடிச் சென்று, வீட்டுக்காரர் இட்ட அரிசியைப் பெற்றுவந்தவரைத்தான் நாம் படமாக மாட்டி வணங்குகிறோம். இன்றும் ஆராதனையின்போது அவர் வாழ்ந்த வீதியில் இருந்து சமாதிக்கு உஞ்சவிருத்திப் பசனை போகிறது.

அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் ஒரு பெண் என்பதைப் பலர் அறியார். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், 1921இல் அத்திவாரமிட்டு 1925இல் தன் பொருள் கொண்டு கட்டி முடித்தார். கட்டிய பின்பு, ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டளவில் பிரிந்திருந்த தரப்புகள் ஒன்றானபோதுதான் பெண்கள் குரலுக்கும் அங்கே இடம் கிடைத்தது. இடம் தருவார்கள் என்று அம்மையார் வீட்டில் இருக்கவில்லை. வெட்கம் வரும் நாட்களில் நாங்கள் அவரைத்தான் நினைப்போம்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சபையில் இருக்கிற பலர் ஏற்கனவே வீதியில் பாடியவர்கள். மார்கழித் திருவெம்பாவைப் பத்து நாளும் விடியப்புறத்தில் சங்கும் சேமக்கலமும் முன்னே போக, குளிரில் போர்த்துக்கொண்டு பின்னால் பாடிப் போன பிள்ளைகள் நாம். யாரும் நம்மை வித்துவான் என்று எண்ணிக் கதவைத் திறக்கவில்லை. குரல் உடைந்தாலும் அடுத்தவளின் குரல் தாங்கியது. சென்னை மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் ஆண்டாண்டாய் நடத்திய மார்கழிப் பசனையும் இப்படித்தான். எத்தனையோ கீர்த்தனைகள் இயற்றியவர் முன்னே பாட, பாடத் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து நடந்தார்கள். ஆகவே எங்கள் முதல் வெளிப்பாடும் சனிக்கிழமை மாலை அல்ல, ஒரு மார்கழி விடியல். இருட்டில் முகம் தெரியாது. பயந்தவர்களுக்கு அதைவிட நல்ல மேடை இல்லை.

பயம் என்றோம். அது இரண்டு வகை. முதலாவதை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். நாங்கள் வளர்ந்த 1980களிலும் தொண்ணூறுகளிலும் மாலை ஆறு மணிக்கு முன் கதவு பூட்டப்படும். நிலாவெளி வீதி என்றால் சோதனைச் சாவடிதான் நினைவில் வரும். பையைத் திறந்து காட்டிப் பழகிய கைகள் எங்களுடையவை. 2009க்குப் பிறகு வீதி திறந்தது. ஆனால் பொழுது பட்டபின் வெளியே இருக்கலாம் என்பதை உடம்பு நம்பச் சில வருடங்கள் பிடித்தது. வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு பெண்கள் அந்தி நேரத்தில் நடந்து போவது, ஒரு சுரம் எழும்ப முன்னரே, எங்களுக்கு ஒரு பெரிய காரியமாக இருந்தது.

இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்தது: பிழை விட்டுவிடுவோமோ என்ற பயம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் எங்களுக்கு நல்ல அடித்தளம் தந்தன. அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் எந்தப் பரீட்சையும் ஆண்டுக்கு ஒரு நாள்தான். அரங்கேற்றம் வாழ்நாளில் ஒரு நாள். அந்த ஒரு நாளில் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மண்டபம், சேலை, சாப்பாடு, மலர் என்று நடக்கிற அரங்கேற்றங்களைப் பார்த்த எங்கள் தோழிகள் சொல்வது, அடுத்த மாதம் கருவி கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறதாம். இது அந்தப் பிள்ளைகளின் சோம்பல் இல்லை. மறுபடி வாசிக்க அவர்களுக்கு ஒரு சிறிய இடம் இல்லை. வீதி அந்தச் சிறிய இடம். இந்தக் கிழமை சரிவராவிட்டால் வருகிற கிழமை இருக்கிறது. துணிவு வந்தபின் போகலாம் என்று காத்திருந்த காலம் முழுவதும் அது வரவில்லை. இருபதாவது சனிக்கிழமையளவில், நாங்கள் கவனிக்காத ஒரு நேரத்தில், வந்திருந்தது.

இனிக் கொஞ்சம் தொழில் நுணுக்கம். இளையவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

பயம் முதலில் தெரிவது வில் பிடிக்கும் வலது கையில். நீண்ட, மெதுவான இழுப்பில் அந்த நடுக்கம் அப்படியே ஒலிக்கும். பாடுபவருக்கும் அப்படியே, நீண்ட கார்வையில் மூச்சுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அமைதியாகத் தொடங்குவோம் என்று விளம்ப காலத்தில் தொடங்கக் கூடாது. மத்திம காலத்தில், கை தானாக ஓடுகிற ஒரு பாட்டோடு தொடங்க வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு அடங்கிவிடும். மெதுவானதை அதற்குப் பிறகு எடுக்கலாம். பிழை வந்தால் நிறுத்தித் திரும்பத் தொடங்குவது வகுப்பறைப் பழக்கம். வீதியில் தாளம் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கேட்பவருக்குப் பிழை தெரிவதில்லை, நிற்பதுதான் தெரிகிறது.

திறந்த வெளியில் குரல் எடுபடவில்லை என்று சுருதியைக் கூட்டுவார்கள். வேண்டாம். எங்கள் ஐந்து கட்டையிலேயே நிற்கிறோம். மாற்ற வேண்டியது இடத்தை. பின்னால் ஒரு மதில் இருந்தால் ஒலி முன்னே வரும். அதைவிட முக்கியம் காற்று. யூன், யூலையில் நிலாவெளியில் கச்சான் வீசும். (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான், கொறிக்கிற கடலையும்தான். இரண்டும் எங்கள் கச்சேரியில் உண்டு.) கச்சான் தரையில் இருந்து கடலுக்குப் போகிற காற்று. ஒலி காற்றோடு போகும். ஆகவே காற்றுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து உட்கார வேண்டும். கேட்பவர்கள் எங்களுக்கும் கடலுக்கும் நடுவில்.

சொல்ல இலகு. எங்களில் ஒருவர் 2004 மார்கழி 26இல் அந்தக் கடலுக்குத் தன் தாயைக் கொடுத்தவர். கடலைப் பார்த்து உட்கார அவரால் முடியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முதல் இரண்டு வருடமும் அவர் பக்கவாட்டில், தேநீர்க்கடையைப் பார்த்தபடி இருந்து பாடினார். மூன்றாவது வருடம் ஒரு மாலை தன் பாயைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை கதைத்ததில்லை. இங்கே சொல்ல அவரிடம் அனுமதி பெற்றோம்.

கருவிகளுக்கும் கடற்காற்று ஆகாது. எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஈரத்தில் பிருடை இறுகும், மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைக்காமல் பெட்டியை மூடாதீர்கள். நம் முறையில் வயலின் வாசிக்கச் சம்மாணமிட்டு உட்கார்ந்து கருவியின் தலையைப் பாதத்தில் தாங்க வேண்டுமல்லவா? தரையில் அப்படி இருந்தால் போகிறவர் எல்லாம் மேலிருந்து பார்ப்பார்கள். நெஞ்சு இன்னும் சுருங்கும். தேநீர்க்கடைக்காரர் அகலமான வாங்கு ஒன்றைத் தந்தார். கண்ணும் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தபின் பாதிப் பயம் போனது. சிறிய விடயம்தான், ஆனால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

யார் கேட்கிறார்கள்? கரைவலை இழுத்து முடித்தவர்கள், புறாத்தீவு பார்த்துவிட்டு வருகிற உல்லாசப் பயணிகள், பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்துகிற பெரியவர், எங்கள் சொந்த மருமக்கள். பெரும்பாலானவர்கள் நிற்பதில்லை. அதற்கு ஒரு மருந்து இருக்கிறது. 2007 தையில், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரச் சுரங்க ரயில் நிலையமொன்றில், உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோசுவா பெல் சாதாரண உடையில் நின்று 43 நிமிடம் வாசித்தார். கையில் 1713ஆம் ஆண்டு ஸ்ராடிவேரியஸ் வயலின். கடந்து போனவர் 1,097 பேர். நின்று கேட்டவர் 7 பேர். அவருக்கே ஏழு பேர் என்றால், நிலாவெளியில் எங்களுக்கு நாலு பேர் நிற்பது நல்ல கணக்கு. கடந்து போகிறவர் எங்கள் வாசிப்புக்குப் புள்ளி போடவில்லை. அவருக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காசு வாங்குவதில்லை. துண்டு விரித்தால் என்ன குறைந்துவிடும் என்று எங்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. உஞ்சவிருத்தியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு மறுப்பது நியாயமா என்று தையற்காரத் தோழி கேட்பார். முடிவு ஆகவில்லை. ஆனால் கச்சான் வண்டில்காரர் ஒவ்வொரு கிழமையும் ஆறு சுருள் கொண்டுவந்து வாங்கின் நுனியில் வைப்பார். அதை வாங்கிக்கொள்கிறோம்.

ஒருமுறை குருநாகலில் இருந்து வந்த சிங்களக் குடும்பமொன்று நின்றது. பாட்டியம்மா பழைய சிங்களப் படப் பாட்டொன்றை முணுமுணுத்து, இது தெரியுமா என்று கையால் கேட்டார். சொல் தெரியாது, மெட்டுத் தெரியும். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' தென்னிந்தியாவில்தான் எடுக்கப்பட்டது. அந்தக் காலச் சிங்களப் படங்களில் இந்திய மெட்டுகள் தாராளமாய்ப் புழங்கின. வயலின் இரண்டும் மெட்டை எடுத்தன, பாட்டியம்மா பாடினார், மிருதங்கம் மெல்லத் தட்டியது. ஒத்திகை இல்லாத ஒன்றை, தெரியாத ஒருவருக்காக, பத்துப் பேர் நடுவில் வாசித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. அந்த ஐந்து நிமிடமும் எங்களில் ஒருவருக்கும் பயப்பட நேரம் இருக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு: கருவி கொண்டுவரத் தேவையில்லை, இங்கே ஒரு வயலின் மேலதிகமாக உண்டு. தந்தி மட்டும் இரண்டு சோடி கொண்டுவாருங்கள். ஐந்து கட்டை, மாலை ஐந்தரை மணி. வாங்கில் நாலு பேர் இருக்கலாம், மற்றவர்களுக்குப் பாய். திருகோணமலைப் பட்டினத்தில் இருந்து உப்புவெளி தாண்டி ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர், ஓட்டோக்காரரிடம் தேநீர்க்கடை ஒழுங்கை என்றால் இப்போது அவர்களே "கச்சேரிக்கோ?" என்று கேட்கிறார்கள்.

எங்களுக்குத் தந்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம். மிருதங்கம் சேர்ந்துவிட்டது என்று அங்கே கை காட்டுகிறார். மண்டபத்துக்குள் வேண்டாம். எல்லோரும் எழுந்து வெளிவாசலுக்கு வாருங்கள்.