சாருலதாவின் சன்னல்கள்



தாகூரின் ‘நஷ்டநீட்’ என்னும் குறுநாவலைத் தழுவி 1964இல் சத்யஜித் ராய் இயக்கிய காதற்படம் ‘சாருலதா’. கதை 1879ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நிகழ்கிறது. தலைவியின் அறிமுகம் ஏறத்தாழ உரையாடலே இன்றி அமைகிறது.

கைக்குட்டையில் ‘பி’ என்னும் எழுத்தைப் பூத்தையலிடும் கைகளே முதலில் தெரிகின்றன. அது கணவன் பூபதியின் பெயரெழுத்து. வெளியே குரங்காட்டியின் உடுக்கை ஒலிக்கிறது. பல்லக்குத் தூக்கிகளின் குரல் கேட்கிறது. கைப்பிடியுள்ள தூரக்கண்ணாடியுடன் சாரு சன்னல் சன்னலாய் விரைகிறாள். சுப்ரதா மித்ராவின் காமிரா உடன் செல்கிறது. தெருவை அவள் கண்வழியே பார்வையாளரும் காண்கின்றனர்.

பிறகு வீட்டினுள்ளே காலணியோசை. புத்தகத்தில் ஆழ்ந்தபடி பூபதி அவளைக் கடந்து செல்கிறான், ஏறிட்டும் பாரான். அதே கண்ணாடியை உயர்த்திக் கணவனையும் பார்க்கிறாள் சாரு. தெருவில் போவோர் வரிசையில் அவனும் ஒருவனாகிவிட்டான்! கண்ணாடி தாழ்கிறது, காட்சி சட்டெனப் பின்வாங்கி, அப்பெரிய வீட்டில் அவளைத் தனியே விடுகிறது.

‘தனிமை’ என்று எவரும் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரக்கமே மிஞ்சியிருக்கும். கண்டு உணர்ந்தவர்க்கோ, பின்னர் அமல்மீது அவள் கொள்ளும் காதலைக் குற்றமென்று எளிதில் தள்ள இயலாது. கவிதை செய்ய வேண்டியதும் அதுவே.