அளக்கிற நூலும் படிக்கிற நூலும்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார்: "எங்க திருவொற்றியூர்ப் பட்டறையில நூலைப் பிடிச்சு விட்டத்தை அளப்போம், 22-ஆல பெருக்கி 7-ஆல வகுத்தா சுற்றளவு, ஏடு எதுக்கு?" (கைதட்டல்)

ஐயா, அந்த 22-ம் 7-ம் பட்டறையிலயா முளைச்சுது? ஆர்க்கிமிடீஸ் ஏட்டுல இருக்கு! அதுவும், உண்மை மதிப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவுன்னு நிரூபிச்சிருக்கார்.

28 அங்குல சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு 88 அங்குலம் ஓடும். சரி. 70 மீட்டர் விட்டமுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு அதே கணக்குப் போடுங்க. 220 மீட்டர் வரும். உண்மையில் 219.91. ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தகடு மிச்சம்! ஏச்சு வாங்குறவர் யாரு? வெல்டர்! (சிரிப்பு)

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். 1914-ல் பை மதிப்புக்குச் சூத்திரங்கள் வெளியிட்டார். 1985-ல் அதில் ஒன்றைக் கணிப்பொறியில் போட்டு 1 கோடியே 75 லட்சம் இலக்கம் கண்டார் கோஸ்பர்.

எங்கப்பாவும் எண்ணூர்ல டர்னர்தான். கை சுத்தமான தொழிலாளி. ஆனா என் கையைப் பிடிச்சுக் கூட்டிப்போன இடம் பட்டறை இல்லே, பள்ளிக்கூடம்!

அளக்கிறதும் நூல்தான். அளவு ஏன் தப்புச்சுன்னு சொல்றது படிக்கிற நூல். ஆகவே ஏட்டறிவே என்று தீர்ப்புத் தாருங்கள். (கைதட்டல்)