கேபிள் டெலிவிஷனும் சந்தாதாரர் கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகம், தொழில் முதலிய விஷயங்களைப் பேசவேண்டிய இம்மேடையில் டெலிவிஷனைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேனே என்று சிலர் எண்ணக்கூடும். மாதந்தோறும் நம் இல்லங்களினின்றும் தவறாது வெளியேறும் பணத்தைப் பற்றிய பேச்சாதலின், இதுவும் குடும்ப விஷயமே யாகும்.

என் தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கோயிலுக்கு நடந்து செல்ல இயலாத அவர்களுக்குத் திருவிழாக்களைக் காட்டுவது டெலிவிஷன் ஒன்றே. பார்வை மங்கியதால் பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்தேன். பெட்டி பெரிதாயிற்று, படமோ முன்னிலும் மங்கிற்று. கேபிள்காரரைக் கேட்டதற்கு, "புதிய செட்டாப் பாக்ஸ் அடுத்த மாதம் வந்துவிடும்" என்றார். அந்த அடுத்த மாதம் வராமலே ஓராண்டு கழிந்தது. சந்தா வாங்க மட்டும் அவர் தவறியதில்லை. "தேர் தெரிகிறது, சுவாமி தெரியவில்லையே" என்று சொல்லிவந்த என் தாயார், இப்போது அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

இத்தாமதத்தின் காரணம் யாது? பழைய அனலாக் முறையில் ஒரு கம்பியில் சுமார் நூறு சானல்களே செல்லும். டிஜிட்டல் முறையில், முன்பு ஒரு சானல் அடைத்த இடத்தில் பத்துச் சானல்கள் அடங்கும். அதிலும் பழையது, புதியது என்ற பேதமுண்டு. எம்பெக்-2 முறைக்கென்று செய்த பெட்டி, எம்பெக்-4 முறையில் வரும் எச்.டி. சானல்களைக் காட்டாது. ஆகவே முறையை மாற்றினால், வீடுதோறுமுள்ள பெட்டிகளையும் மாற்றவேண்டும். அச்செலவு யாருடையது என்பதிலேயே காலம் கழிகிறது. தடை விஞ்ஞானத்தில் இல்லை; கணக்கில் இருக்கிறது.

சென்னையின் வரலாறும் இதையே காட்டும். கட்டணச் சானல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற ஏற்பாட்டை 2003 செப்டம்பரிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த நகரம் அது. ஆனால் 2012 அக்டோபர் 31-க்குள் நான்கு பெருநகரங்களும் முழு டிஜிட்டல் முறைக்கு மாறவேண்டும் என்றானபோது, வழக்குகளாலும் உரிமப் பிரச்சினையாலும் அங்கே காரியம் இழுபட்டது. அரசு கேபிள் நிறுவனத்திற்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017-இல்தான். முந்தி நடந்தவர் என்றும் முந்தியே இருப்பார் என்பதில்லை.

நம்மவருள்ளும் கேபிள் தொழில் நடத்துவோர் உளர்; இச்சபையிலும் அமர்ந்திருக்கிறார்கள். மேலே உள்ள நிறுவனம் அனுப்பாததை அவர்கள் உண்டாக்கித் தர இயலாது என்பதை நான் அறிவேன். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: வருமென்று நிச்சயமில்லாததை "அடுத்த மாதம்" என்று சொல்லாதீர்கள். உண்மையைச் சொன்னால் நாங்கள் பொறுப்போம், அல்லது டி.டி.எச். போன்ற வேறு வழி தேடுவோம்.

சந்தாதாரராகிய நமக்கும் கடமையுண்டு. ஓராண்டு முழுவதும் நான் ரசீது கேட்கவில்லை. வாய்ப்பேச்சன்றி எழுத்தில் புகார் கொடுக்கவில்லை. அது என் பிழை. இனியேனும் பணத்திற்கு ரசீதும், புகாருக்கு எண்ணும் கேட்டுப் பெறுவோம். ஒரு தெருவார் ஒன்றாகக் கையெழுத்திட்டு நிறுவனத்திற்கே எழுதுவோம். தனிக்குரல் வாசற்படியோடு நின்றுவிடும். பலர் கூடிக் கேட்பது உரிய இடத்தைச் சென்று சேரும்.

அத்தகைய விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். விருப்பமுள்ளோர் கையொப்பமிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.