ஆராய்ச்சி நிதியும் சம்மதப் பத்திரமும்

மாதுங்காவில் ரயிலேறினால் தாதருக்கு அடுத்த நிலையம் பரேல். அங்கே பழைய கவர்னர் மாளிகையில் ஹாஃப்கின் நிலையம் இயங்கி வருகிறது. பிளேக் ஆய்வுக்கூடம் என்று வழங்கிய அவ்விடத்திலேதான் 1911ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆட்சிக்குழு முதன்முறையாகக் கூடியது. நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு முறையாகப் பொருளுதவி வழங்கத் தோன்றிய அமைப்பு அது. 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் மாறி இன்றளவும் அப்பணியைச் செய்து வருகிறது.

அக்கூடம் எழுந்ததற்குக் காரணம் 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய். தடுப்பு மருந்து கண்ட ஹாஃப்கின், 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பின்னர் பைக்குல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குச் செலுத்தினார். கைதியின் சம்மதம் எத்துணைச் சுதந்திரமானது? இன்றாயின் நன்னெறிக் குழு முதலில் எழுப்பும் வினா அதுவே. அவ்வினாவைப் பற்றித்தான் நேயர்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறோம். ஏனெனில் ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும், அது மருத்துவர்களுக்கும் சர்க்காருக்கும் இடையே நடைபெறும் காரியம் என்று நம்மவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர்.

நிதி கோரும் விண்ணப்பம் எவ்வாறு அமையும்? ஆராயப் புகும் வினா யாது, அதுபற்றி இதுவரை அறியப்பட்டது யாது, எத்தனை பேரிடம் எம்முறையில் ஆராய்வது, எத்தனை காலம், எவ்வளவு செலவு என்று அது விரிந்து செல்லும். பொதுவாக ஒரு நிறுவனத்தின் வாயிலாகவே விண்ணப்பிக்க இயலும். மருத்துவம் பயிலும் மாணவருக்குங்கூட ஒரு வழி உண்டு. ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் இரண்டு மாதம் ஆராய, கழகம் 1979 முதல் குறுகியகால உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. செம்பூரிலும் மாதுங்காவிலும் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியுள்ள பெற்றோர் இதைக் கேட்டறிந்து கொள்ளலாம்.

இவை யாவும் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. அதில் நமக்கு வேலையில்லை. விண்ணப்பத்தின் இறுதியில் இணைக்கப்படும் ஒரு தாளில்தான் நமக்கு வேலை. ஆராய்ச்சிக்கு உட்படுபவரிடம் பெறும் சம்மதப் பத்திரம் அது. 2017இல் கழகம் வெளியிட்ட நன்னெறி வழிகாட்டுதல்களின்படி, அப்பத்திரம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில், எளிய நடையில் இருத்தல் வேண்டும். நோக்கம், நேரக்கூடிய தீங்கு, இரகசியம் காக்கப்படும் விதம், எப்பொழுது வேண்டுமாயினும் விலகும் உரிமை ஆகியவற்றை அது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் கண்டவரையில், ஆங்கிலப் பத்திரத்திற்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள், தமிழ்ப் பத்திரத்தை மட்டும் கடைசி வாரத்தில் தெரிந்தவர் எவரிடமேனும் கொடுத்து முடித்துக் கொள்கின்றனர். சில சமயம் அது கணிப்பொறி தரும் தமிழாகவே இருக்கிறது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். சயன் மருத்துவமனையில் 1989இல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் நிறுவிய ஸ்நேகா என்னும் தொண்டு நிறுவனம், தாராவி முதலிய பகுதிகளில் பணிபுரிகிறது. அந்நிறுவனத்தார் பங்குகொண்ட ஆராய்ச்சியொன்று 2017இல் வெளிவந்தது. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் முதலியோர் அதற்குப் பொருளுதவி செய்தனர். மும்பைக் குடிசைப் பகுதிகள் 40ஐத் தேர்ந்து, 20இல் தாய்சேய் நலத்திற்கென மையங்களை அமைத்து, எஞ்சிய 20ஐயும் அவற்றோடு ஒப்பிட்டனர். எந்தப் பகுதிக்கு மையம் என்பதை முடிவு செய்தது ஆராய்ச்சியாளரின் விருப்பமன்று, குலுக்கல். இம்முறையைப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு முறைப் பகிர்வு' என்று எழுதும். இதைக் கேட்கும் தாய்க்கு என்ன விளங்கும்? 'சீட்டுக் குலுக்கிப் போட்டோம். உங்கள் தெருவுக்கு விழலாம், விழாமலும் போகலாம்' என்றால் அவருக்கு உடனே புரியும். மாதச் சீட்டுப் போட்டுப் பழகியவருக்குக் குலுக்கலைப் பற்றி நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. அப்பொழுதுதான் 'விழாவிட்டால் எங்களுக்கு என்ன வழி?' என்ற கேள்வி பிறக்கும். அக்கேள்விக்கு விடை பத்திரத்திலே இருக்க வேண்டும். அக்கேள்வியே பிறக்கவிடாத தமிழ், எத்துணை இலக்கணச் சுத்தமாயினும், சம்மதப் பத்திரத்திற்கு உதவாத தமிழ்.

இன்னொரு சிக்கலும் மும்பைக்கே உரியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று தாராவியில் வாழ்கின்றனர். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் அவர்களுள் பலர் எழுத்துக்கூட்டிப் படிப்பது இந்தியோ மராத்தியோ. இத்தகையோரிடம் அச்சிட்ட தமிழ்த்தாளை நீட்டிப் பயனில்லை. தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவராயின், ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருந்தபிறகே கைரேகை பெறலாம் என்பது விதி.

ஆகவே நிதி கோருவோருக்கு நாம் சொல்வது இது. பணியாளர் ஊதியம், கருவிகள், பயணம் என்று செலவுப் பட்டியல் எழுதும்போதே மொழிபெயர்ப்புக்கும், அதனை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துச் சரிபார்ப்பதற்கும், படித்துக் காட்டுபவரின் கூலிக்கும் தனித்தொகை குறித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத செலவுக்குப் பிறகு பணம் கிடைப்பது அரிது. அரசுக் கோப்புகளோடு பழகியவர்கள் இதை நன்கு அறிவர்.

நன்னெறிக் குழுவிலே மருத்துவரல்லாத பொதுமக்களுள் ஒருவரும் உறுப்பினராக இருந்தாக வேண்டும். மாதுங்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. குழுவில் அமர்ந்து, 'இந்தத் தமிழ் எனக்கே விளங்கவில்லையே' என்று சொல்ல மருத்துவப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

தாராவியிலும் செம்பூரிலும் கதவைத் தட்டிக் கையெழுத்துக் கேட்கப்படும் நேயர்கள் பத்திரத்தின் படி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளலாம். அது அவர்களுக்கு உரியது. ஆராய்ச்சியாளரின் தொலைபேசி எண்ணும், நன்னெறிக் குழுவைத் தொடர்பு கொள்ளும் வழியும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இல்லையெனில், எழுதித் தரும்வரை கையெழுத்தை நிறுத்தி வைக்கலாம்.