அலுமினியமும் ஒட்டும்
(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"உரம், விதை, பூச்சி மருந்துன்னு பேச வேண்டியவர் இன்னைக்கு வெல்டிங்கைப் பத்திப் பேச வந்துட்டாரே" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கலப்பைக் கொழு தேய்ந்தால், கேட்டு கீல் உடைந்தால், நம்மில் பலர் சொந்தமாகவே பற்றவைத்துக் கொள்கிறோம். சின்ன வெல்டிங் மிஷின் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் பால் கேனின் அடிவளையம் விட்டுப்போனால், ஸ்பிரிங்ளர் குழாயின் தாங்கி முறிந்தால், அது நேராகக் காயலான் கடைக்குத்தான் போகிறது. ஏன்? "அலுமினியம் ஒட்டாதுங்க" என்று ஒரு பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

அலுமினியம் ஒட்டும். ஆனால் அதன் குணம் வேறு. அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால், பொழுதுபோக்காகக் கற்பவர்களுக்கும் இந்த வேலை கைவரும். எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் குணத்தைப் பார்ப்போம்.

காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படிகிறது அல்லவா? அதுபோல அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆடை இருக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு உண்டாவது அது. சுரண்டி எடுத்தாலும் உடனே மறுபடி படியத் தொடங்கிவிடும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் மேலே இருக்கும் ஆடை உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் உள்ளே உலோகம் உருகித் தண்ணீராக நிற்கும், மேல்தோல் மட்டும் பை மாதிரி தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் உருகியும் ஒன்றோடு ஒன்று சேராது.

இரண்டாவது குணம், சூடு பரவுவது. சாதாரண இரும்புத் தகட்டைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாக அலுமினியத்தில் சூடு ஓடும். தொடக்கத்தில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் உருகாது. தகடு முழுவதும் சூடேறிவிட்டால் சட்டென்று பொத்துக்கொண்டு விழுந்துவிடும்.

மூன்றாவது, நிறம். இரும்பு உருகுவதற்கு முன்னால் சிவந்து, மஞ்சளாகி எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் நிறம் மாறாது. வெள்ளையாகவே இருந்து உருகிவிடும். ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் கையைச் சுட்டுவிடும்.

இந்த மூன்றுக்கும் பொருத்தமான முறைதான் டிக் வெல்டிங். அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் 1941-ஆம் ஆண்டு மெக்னீசியம் பாகங்களை ஒட்டுவதற்காக இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். இதில் டார்ச்சின் நுனியில் டங்ஸ்டன் ஊசி இருக்கும். அது உருக 3400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் தான் கரையாமல் தீப்பொறியை மட்டும் கொடுக்கும். ஊசியைச் சுற்றி ஆர்கான் வாயு வந்து காற்றை விலக்கி நிற்கும். ஒட்டும் கம்பியை இன்னொரு கையால் நாம் தனியாக ஊட்ட வேண்டும்.

மிஷின் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "டிக் மிஷின்" என்று மலிவாக விற்பதில் பெரும்பாலானவை டிசி மட்டும் தருபவை. அவை இரும்புக்கும் எவர்சில்வருக்கும் ஆகும், அலுமினியத்துக்கு ஆகாது. "ஏசி, டிசி இரண்டும் உண்டா?" என்று கேட்டு வாங்குங்கள். ஏசி மின்சாரம் நொடிக்குப் பலமுறை திசை மாறும். ஒரு திசையில் போகும்போது மேல் ஆடையை உடைத்தெறியும். மறு திசையில் வரும்போது தகட்டுக்குள் சூட்டை இறக்கும். களையெடுப்பும் உழவும் ஒரே ஓட்டத்தில் நடப்பது போல. 200 ஆம்பியர் மிஷின் நமக்குப் போதும். சூட்டைக் கூட்டிக் குறைக்கக் கால் மிதி இருந்தால் மிக நல்லது.

வாயு சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கலந்தது உதவாது. 7 கன மீட்டர் சிலிண்டரை நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் திறந்தால் சுமார் 14 மணி நேரம் வரும். அதைச் சங்கிலி போட்டு நிமிர்த்திக் கட்டி வையுங்கள்.

மின்சாரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து வெல்டிங்குக்கு எடுப்பது விதிமீறல். வீட்டு இணைப்பு மிஷினைத் தாங்குமா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். ஈரத் தரையில், வெறுங்காலோடு டார்ச்சைத் தொடவே கூடாது.

இனி பாதுகாப்பு. அலுமினியம் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்கும். 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, பேண்ட், செருப்பல்லாத ஷூ ஆகியவை வேண்டும். லுங்கியும் நைலான் சட்டையும் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டிவிடுங்கள். ஒளி பட்ட கண்ணில் சில மணி நேரம் கழித்து மணல் போட்ட மாதிரி உறுத்தும். "உருளைக்கிழங்கு வை, பால் விடு" என்று சொல்வார்கள். எதையும் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மிஷின் அருகே வரக்கூடாது. அடைத்த அறையில் வேலை செய்யாதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி மூச்சை அடைத்துவிடும். அதற்காக ஆடிக் காற்றில் திறந்தவெளியில் உட்கார்ந்தால் வாயு கலைந்துபோய் ஒட்டு கறுத்துவிடும். காற்று நேரே வீசாத, ஆனால் திறந்த தாழ்வாரம்தான் நல்ல இடம்.

சரி, பழகுவது எப்படி?

சுத்தம்தான் பாதி வேலை. எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். அது நன்றாகக் காய்ந்து, புட்டியையும் துணியையும் தூரமாக வைத்த பிறகுதான் தீப்பொறி போட வேண்டும். குளோரின் கலந்த கிளீனர்களைத் தொடவே கூடாது. அந்த ஆவியில் வெல்டிங் ஒளி பட்டால் உயிரைக் குடிக்கும் பாஸ்ஜீன் வாயு உண்டாகலாம். துடைத்த பிறகு எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அந்த பிரஷ்ஷை இரும்பில் தொடாமல் அலுமினியத்துக்கென்றே தனியாக வையுங்கள்.

முதல் வாரம் கம்பியே வேண்டாம். 3 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு, 2.4 மில்லிமீட்டர் நீல நிற முனை கொண்ட லாந்தனம் கலந்த டங்ஸ்டன், 120 ஆம்பியர். ஊசி தகட்டைத் தொடாமல் 2, 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். டார்ச்சைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடியுங்கள். சில நொடியில் மங்கலாக இருந்த இடம் திடீரென்று கண்ணாடி போல மின்னும். ஆடை கிழிந்து குட்டை உண்டாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மினுமினுப்பைக் கண் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. குட்டையை ஒரே அகலத்தில் நகர்த்திக்கொண்டே போங்கள். தகடு சூடேற ஏறக் குட்டை பெருக்கும். அப்போது மிதியைத் தளர்த்த வேண்டும்.

இரண்டாவது வாரம் கம்பி. தொடக்கத்துக்கு 4043 என்ற கம்பி நன்றாக ஓடும். அதில் சுமார் 5 சதம் சிலிக்கன் இருக்கிறது. மெக்னீசியம் கூடுதலாக உள்ள தகட்டுக்கு 5356 கம்பி. கம்பியைத் தீப்பொறிக்குள் நீட்டாமல், குட்டையின் முன் ஓரத்தில் தொட்டுத் தொட்டு எடுங்கள். நாற்று நடுகிற மாதிரி சீரான இடைவெளி வேண்டும். கம்பியோ குட்டையோ ஊசியில் பட்டுவிட்டால் நிறுத்திவிட்டு ஊசியை மறுபடி தீட்டுங்கள். "பரவாயில்லை, ஓட்டிடலாம்" என்று ஓட்டினால் ஒட்டு முழுவதும் கறுப்பாகும்.

முடிக்கும்போது சட்டென்று காலை எடுக்காதீர்கள். மெதுவாகக் குறைத்து, கடைசிப் பள்ளத்தில் ஒரு சொட்டுக் கம்பி கொடுத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தப் பள்ளத்தில் விரிசல் விடும். தீப்பொறி அணைந்த பிறகும் 10, 12 நொடி டார்ச்சை அங்கேயே பிடித்திருங்கள். வாயு மூடியபடியே ஆறட்டும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் இரண்டு துண்டுகளை மூலையாகவும், நேராகவும், ஒன்றன்மேல் ஒன்றாகவும் வைத்து ஒட்டிப் பழகுங்கள். ஒட்டியதை வைஸில் பிடித்துச் சுத்தியால் மடக்குங்கள். அறுத்தும் பாருங்கள். உள்ளே ஊசித் துளைகள் தெரிந்தால் ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கிறது. உருகிய அலுமினியம் ஈரத்திலுள்ள ஹைட்ரஜனைக் குடித்து, உறையும்போது குமிழாகக் கக்கும். கரி படிந்திருந்தால் வாயுக் குழாயில் ஒழுக்கு உண்டா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

இப்போது மிக முக்கியமானது. "கை வந்துடுச்சு, எதை வேணும்னாலும் ஒட்டலாம்" என்று நினைக்கக் கூடாது.

பெட்ரோல், டீசல் டாங்கைக் கழுவிவிட்டோம் என்று நம்பித் தீ வைக்காதீர்கள். மூலையில் தங்கிய ஆவியே வெடிக்கப் போதும். பூச்சிமருந்து வைத்திருந்த தெளிப்பான் டாங்கும் வேண்டாம். மடிப்பில் ஒட்டிய மருந்து சூட்டில் நச்சுப் புகையாக வரும். அது எந்தப் புகை என்று முகர்ந்தா பார்க்க முடியும்? காற்று வெளியேற வழியில்லாத எந்த மூடிய பாத்திரத்தையும் சுடாதீர்கள். பிரஷர் குக்கர், ஏணி, வண்டிச் சக்கரம் ஆகியவையும் கூடாது. சூட்டில் கெட்டிப்படுத்திய 6061 போன்ற கலவைகள் ஒட்டிய இடத்தின் ஓரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலம் இழந்துவிடும். ஒட்டு அழகாக இருக்கும், ஆனால் தென்னையில் பாதி ஏறும்போது ஏணி அதன் பக்கத்தில் மடங்கும்.

பால் கேனில் அடிவளையம், வெளிக் கைப்பிடி போன்றவற்றைச் செய்யலாம். அதற்கும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். காஸ்டிக் சோடா போட்டால் அலுமினியம் அரிக்கும். பால் படும் உட்பக்கத்தை நன்றாகத் தேர்ந்தவர்களிடம் விடுங்கள். அங்கே ஒரு ஊசித் துளை இருந்தால் அதில் பால் தங்கிப் புளிக்கும். காலையில் ஊற்றுகிற பாலெல்லாம் கெடும். சங்கத்தில் கேனைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு?

ஆகவே நண்பர்களே, மிஷின் வாங்கும் முன்னால், பக்கத்து ஊரில் அலுமினிய வேலை செய்யும் பட்டறையிலோ, ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்த பிள்ளைகளிடமோ நான்கு நாள் கூட இருந்து பாருங்கள். பழகத் தொடங்கிய பிறகு காயலான் கடைத் துண்டுகளில் நூறு கோடு போடுங்கள். அதற்கப்புறம் கேன் வளையத்தில் கை வையுங்கள். நாற்றங்காலில் பொறுமை காட்டியவனுக்கு வயல் ஏமாற்றம் தராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.